யாழ் முழங்கிய மண்ணில் கிட்டாருக்கு ஒரு பள்ளி

முத்தமிழ் என்று சொல்லும்போதே நம் நெஞ்சம் நிமிர்கின்றது. இயல், இசை, நாடகம் என மொழியையே மூன்றாகப் பகுத்துக் கண்ட பெருமை நம் முன்னோர்க்கு உரியது. ஆயினும் இன்றைய கல்விக்கூடங்களில் இயல் ஒன்றே அரியணையில் வீற்றிருக்கின்றது. இசையோ ஆண்டுவிழா மேடையில் ஒரு மாலைப்பொழுது தலைகாட்டிவிட்டு ஓராண்டுக் காலம் ஒதுங்கிக் கொள்கின்றது. இந்நிலையில், இளம் பருவத்தினர்க்குக் கிட்டார் கற்பிக்கும் உறைவிட உயர்நிலைப் பள்ளியொன்று நம் பகுதியில் வேண்டும் என நாம் எழுதப் புகுவது சிலர்க்கு வியப்பாக இருக்கலாம். தமிழ்த்துறை மலரில் கிட்டாருக்கு என்ன வேலை என்று கேட்பாரும் உளர். அவர்களை நோக்கியே இக்கட்டுரை.

பெண்ணாடத்திலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் இன்று கிட்டார் வைத்திருக்கும் பிள்ளைகள் அரியவர் அல்லர். கரும்பு வெட்டுவோர் வீட்டிலும், பீங்கான் சூளையில் உழைப்போர் வீட்டிலும் அக்கருவி சுவரில் தொங்குவதை நாம் காண்கின்றோம். பெற்றோர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வாங்கியது அது. பிள்ளையோ கைப்பேசித் திரையைப் பார்த்துத் தானே கற்கின்றான். நான்கு திரைப்பாடல்களின் தொடக்க இசை வந்துவிடுகின்றது. அதற்கு மேல் செல்ல வழி தெரிவதில்லை. மணிக்கட்டைத் தவறாக வளைத்துப் பழகியதால் வலி உண்டாகின்றது, விரல் தடுமாறுகின்றது. ஆறு திங்களில் கருவி மீண்டும் ஆணியில் ஏறுகின்றது. பிள்ளைக்குத் திறமை இல்லை என்ற தீர்ப்பும் வீட்டில் எழுதப்பட்டுவிடுகின்றது. அத்தீர்ப்பு நேரியதன்று. கற்பிப்பார் இல்லாமையைக் கற்போன் குறையாகக் கொள்ளுதல் எவ்வகையில் அறமாகும்?

இளமையிற் பயிற்சி என்னும் தமிழ் மரபு

இசைப்பயிற்சி எப்போது தொடங்க வேண்டும், எவ்வாறு நடைபெற வேண்டும் என்பதை அறிய நாம் கடல் கடந்து செல்ல வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் புரட்டினாலே போதும். மாதவி ஐந்தாம் அகவையில் பயிற்சியைத் தொடங்கினாள், ஏழாண்டுகள் கற்றாள், பன்னிரண்டாம் அகவையில் மன்னன் முன் அரங்கேறினாள். அவளை உருவாக்கியவர் ஒரே ஆசிரியர் அல்லர். ஆடலாசிரியன், இசையாசிரியன், நூலறிந்த புலவன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என அறுவரின் தகுதிகளை இளங்கோவடிகள் தனித்தனியே விரித்துரைக்கின்றார். இளம் பருவம், நீண்ட காலம், ஆசிரியர் குழு, முடிவில் ஓர் அரங்கேற்றம் ஆகிய நான்கும் அங்கே உள்ளன. இன்று உலகெங்கும் சிறந்து விளங்கும் கலைப் பள்ளிகளின் அடித்தளமும் இவையே.

நம் வட்டாரத்திற்கோ இதில் தனி உரிமை உண்டு. விருத்தாசலத்தை அடுத்துள்ள இராசேந்திரப்பட்டணமே பழைய எருக்கத்தம்புலியூர். திருநீலகண்ட யாழ்ப்பாணரின் பிறப்பிடம் அதுவே. திருஞானசம்பந்தரோடு உடன் சென்று அவர்தம் பாடல்களை யாழில் இசைத்தவர் அப்பெருமகனார். அவ்வூரிலிருந்து திருமுதுகுன்றம் சென்று, பின் நம் பெண்ணாடத்துத் திருத்தூங்கானைமாடத்திற்குச் சம்பந்தர் வந்ததைப் பெரியபுராணம் கூறுகின்றது. தேவாரப் பதிகங்களுக்குப் பண் வகுக்க ஆள் தேடியபோது, அந்தப் பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணே அப்பணியைச் செய்தார் என்பது திருமுறைகண்ட புராணம் தரும் செய்தி. நரம்பிசை இம்மண்ணின் பழஞ்செல்வம் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

அயற்கருவி என்னும் தடை

கிட்டார் அயலார் கருவி, அதனை நாம் ஏன் வளர்க்க வேண்டும் என்பர் சிலர். வயலினும் அயலார் கருவியே. முத்துசாமி தீட்சிதரின் தம்பியாகிய பாலுசாமி தீட்சிதர் (1786–1858) அதனைக் கற்று நம் இசைக்கு ஏற்ப வாசிக்கத் தொடங்கினார். இன்று வயலின் இல்லாத கருநாடக இசையரங்கைக் காண்பது அரிது. அரசின் மாவட்ட இசைப்பள்ளிகளிலும் அது பாடமாகவே உள்ளது.

கிட்டாரின் வரலாறும் ஓர் இனத்தாருக்கோ ஒரு நாட்டாருக்கோ மட்டும் உரியதன்று. கிரேக்கரின் 'கித்தாரா' என்னும் சொல் அரபு மொழி வழியே ஸ்பெயினை அடைந்து கிட்டார் ஆயிற்று என்பர். 822-ஆம் ஆண்டில் குர்துபா நகருக்கு வந்த சிர்யாப் என்னும் இசைவல்லார் ஊத் என்னும் நரம்புக்கருவிக்கு ஐந்தாம் நரம்பைச் சேர்த்தார் என்றும், அங்கே ஓர் இசைப்பள்ளியை நிறுவினார் என்றும் வரலாறு கூறுகின்றது. அந்த ஸ்பெயின் மண்ணில்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தோனியோ தெ தோரஸ் என்னும் கைவினைஞர் இன்றைய செவ்வியல் கிட்டாருக்கு வடிவம் தந்தார். கருவிகள் நாடுவிட்டு நாடு செல்லும் வழிப்போக்கர்கள். வரவேற்று உபசரித்த ஊரெல்லாம் அவற்றுக்குச் சொந்த ஊரே.

கமகம் கிட்டாரில் வாராது என்பது மற்றொரு தடை. கிட்டாரின் மெட்டுகள் ஒரு தானத்தைப் பன்னிரண்டு சம அரைச்சுரங்களாகப் பிரிப்பவை. நம் பண்களோ அவ்விடைவெளிகளுக்குள் அசைந்து நடப்பவை. தடை உண்மையே. ஆனால் கடக்க இயலாததன்று. 1969-இல் பிறந்த உ. சீனிவாஸ் மேண்டலினின் இரட்டைத் தந்திகளை நீக்கி, ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின்கருவியாக்கிச் சிறுவயதிலேயே இசையுலகை வியக்க வைத்தார். ராஜஸ்தானத்து விசுவமோகன் பட் கிட்டாரை மாற்றியமைத்து 'மோகன வீணை' ஆக்கி 1994-இல் கிராமி விருது பெற்றார். இராணிப்பேட்டையில் பிறந்த பிரசன்னா கிட்டாரிலேயே கருநாடக இசையை முழுமையாக வாசித்துக் காட்டினார். திருத்தருமபுரத்தில் பதிகம் யாழில் அடங்காதது கண்டு, யாழ்ப்பாணர் கருவியை உடைக்க முற்பட்டபோது, சம்பந்தர் அதனைத் தடுத்து, இயன்ற மட்டும் இசைக்குமாறு பணித்தார். கருவியின் எல்லையை அறிந்து அதற்குள் முயல்க என்னும் அப்பணிப்பு இன்றைய கிட்டார் மாணவனுக்கும் பொருந்தும்.

பயிற்சி என்பது யாது?

முறையான பயிற்சியின் இயல்பை இங்குச் சிறிது விரித்தல் தகும். செவ்வியல் கிட்டாரில் அதிரும் தந்தியின் நீளம் பொதுவாக 650 மில்லிமீட்டர். பத்து வயதுப் பிள்ளையின் கைக்கு அது மிகுதி. ஆகவே அரை அளவு, முக்கால் அளவுக் கருவிகளில் தொடங்க வேண்டும். முதலில் அமர்தல். இடக்காலைச் சிறு மணையில் உயர்த்தி வைத்து, கருவியை உடலோடு சாய்த்து, தோளைத் தளர்த்தி அமர வேண்டும். பிறகு சுருதி சேர்த்தல். ஆறு தந்திகளையும் பொறியின் துணையின்றிச் செவியால் சேர்க்கத் தெரிய வேண்டும். வலக்கையில் கட்டைவிரல் முதல் மோதிரவிரல் வரை நான்கு விரல்கள் தனித்தனியே இயங்க வேண்டும். இடக்கை விரல் மெட்டுக்கு மிக அருகில், வேண்டிய அளவு மட்டும் அழுத்த வேண்டும். இவற்றுள் ஒன்று பிழைத்தாலும் பின்னாளில் அதனைத் திருத்துதல் அரிது.

விருத்தாசலத்தார்க்கு இதனை எடுத்துச் சொல்ல எளிய உவமை கையிலேயே உள்ளது. களிமண் ஈரமாய் இருக்கும்போதே வனைய வேண்டும்; சூளையில் வெந்தபின் வளைக்க முயன்றால் உடையும். பிள்ளையின் விரலும் செவியும் அத்தகையனவே. பீங்கான் தொழிலுக்கென விருத்தாசலத்தில் தனிப் பயிலகம் அமைத்த நாடு, பிள்ளைகளின் விரலுக்கும் செவிக்கும் ஒரு பயிலகம் அமைக்கலாகாதா?

இப்பயிற்சி நாள்தோறும் நடைபெற வேண்டும். ஆசிரியர் கண்முன் நடைபெற வேண்டும். பிறரோடு கூடியும் நடைபெற வேண்டும். வாரம் ஒருமுறை நகரத்திற்குப் பேருந்து ஏறிச் சென்று ஒரு மணி நேரம் கற்றுவரும் பிள்ளை, எஞ்சிய ஆறு நாளும் தன் பிழையையே பயிற்சி செய்கின்றது. உறைவிடப் பள்ளி வேண்டும் என நாம் வற்புறுத்துவதற்கு முதற்காரணம் இதுவே. குருகுலம் என நம்மவர் பண்டே கண்ட முறை இதனின் வேறன்று. நாதசுர மேதை ஷேக் சின்ன மௌலானா திருவரங்கத்தில் தங்கித் தம் கலையை மாணவர் பலர்க்கு வழங்கியது அம்மரபின் அண்மைக்கால எடுத்துக்காட்டு.

பிற இடங்களில் கண்டவை

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இண்டர்லோக்கன் என்னும் இடத்தில், 1928-இல் ஜோசப் மேடி தொடங்கிய கோடை இசை முகாம், 1962-இல் உறைவிட உயர்நிலைப் பள்ளியாக விரிந்தது. மாணவர் கணிதமும் அறிவியலும் கற்பதோடு, தாம் தேர்ந்த கலையிலும் நாள்தோறும் பயில்கின்றனர். அக்கலைகளுள் கிட்டாரும் ஒன்று. அடர்ந்த காட்டுக்கும் ஏரிகளுக்கும் இடையே அமைந்தது அப்பள்ளி. பெருநகரத்தில் அன்று என்பதை நம்மவர் கருதுதல் வேண்டும்.

அண்டை மாநிலத்தில் மகாகவி வள்ளத்தோள் 1930-இல் நிறுவிய கேரள கலாமண்டலம், பள்ளிப் படிப்போடு கலைப்பயிற்சியையும் தங்கிக் கற்கச் செய்கின்றது. சிற்றூராகிய செறுதுருத்தியில் இது இயல்கின்றது. காலிம்பொங்கில் 1993-இல் எட்வர்ட் மெக்கயர் என்னும் ஏசு சபைத் துறவியார் தொடங்கிய காந்தி ஆசிரமப் பள்ளியில், கூலித் தொழிலாளர் பிள்ளைகள் பாடத்தோடும் உணவோடும் வயலினும் பெற்றனர். வறுமை இசைக்குத் தடையன்று. வாய்ப்பின்மையே தடை என்பதனை அப்பள்ளி மெய்ப்பித்தது.

தமிழகத்திலும் நன்முயற்சிகள் இல்லாமல் இல்லை. ஏ.ஆர். ரகுமான் 2008-இல் சென்னையில் கே.எம். இசைக் கல்லூரியைத் தொடங்கினார். மேற்சொன்ன பிரசன்னாவின் தலைமையில் 2010-இல் சென்னைக்குத் தெற்கே சுவர்ணபூமி இசைக் கல்விக்கூடம் உருவாயிற்று. இவை பெரும்பாலும் பள்ளிப் பருவம் கடந்தோரையும் பொருள்வசதி உடையோரையும் நோக்கியவை. அரசின் மாவட்ட இசைப்பள்ளிகளோ குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகிய ஏழினைக் கற்பிக்கின்றன. கடலூரிலும் அத்தகைய பள்ளி உண்டு. போற்றத்தக்க பணி அது. ஆனால் அவ்வேழில் கிட்டார் இல்லை. பள்ளிப் படிப்பும் உறைவிடமும் அங்கே ஒன்றாக இணையவும் இல்லை.

இத்தனை குறைகளுக்கிடையிலும் நம் சிற்றூர்கள் மேதைகளைத் தந்தே வந்துள்ளன. 1943-இல் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசையை முறையாகக் கற்கத் தொடங்கும்போது இருபத்தைந்து வயதை எட்டியிருந்தார். பின்னர் இலண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் செவ்வியல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கமும் பெற்றார். அவர் தம் ஆற்றலால் காலத்தை வென்றார். எல்லாரும் அவ்வாறு வெல்லுதல் கூடுமோ? மேதையர் வழியைத் தாமே வெட்டிக்கொள்வர். வழி அமைத்துத் தர வேண்டியது நடுத்தர ஆற்றல் உடைய நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கே.

பிழைப்புக்கு உதவுமா?

பெற்றோர் கேட்கும் இவ்வினா நியாயமானது. இதனை மழுப்புதல் தகாது. கணினி இசை வந்தபின் திரைப்பட இசைக்குழுக்களில் கருவி வாசிப்போர்க்கு வேலை குறைந்துவிட்டது. கிட்டார் கற்ற அனைவரும் மேடைக் கலைஞர் ஆகப்போவதும் இல்லை. ஆதலால்தான் தனி இசைக்கூடம் போதாது, உயர்நிலைப் பள்ளியே வேண்டும் என்கின்றோம். பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழோடு வெளிவரும் மாணவனுக்குக் கல்லூரி வாயில் திறந்தே இருக்கும். அவன் பொறியாளன் ஆகலாம்; ஆசிரியன் ஆகலாம்; பள்ளிகளில் இசை கற்பிக்கலாம்; கருவி செப்பனிடும் தொழிலைக் கொள்ளலாம். விளையாட்டிற்கு இம்முறையை நம் அரசு முன்னரே ஏற்றுள்ளது. விளையாட்டு விடுதிகளில் பள்ளி மாணவர் தங்கி, உண்டு, படித்து, பயிற்சியும் பெறுகின்றனர். ஓடும் காலுக்குக் கிடைத்த ஆதரவு மீட்டும் விரலுக்கு ஏன் கிடைக்கலாகாது?

செய்யத்தக்கவை

பெருந்தொகையும் பெருங்கட்டடமும் வேண்டும் எனக் காத்திருத்தல் வீண். முதற்படியாக, ஓர் அரசுப் பள்ளியோடும் அதன் விடுதியோடும் இணைத்து, ஆறாம் வகுப்பில் இருபது பிள்ளைகளைச் சேர்க்கலாம். சாதி, சமயம், ஆண், பெண் என்னும் வேறுபாடு கூடாது. பெண்பிள்ளைகளுக்குத் தனி விடுதியும் பெண் காப்பாளரும் கட்டாயம் வேண்டும். முற்பகல் பாடம், பிற்பகல் இசை, மாலையில் விளையாட்டு, இரவில் ஒரு மணி நேரத் தனிச்சாதகம் என நாளை வகுக்கலாம். மேலைநாட்டு ஐந்துகோட்டு இசைக்குறிப்பும் நம் சுரக்குறிப்பும் இரண்டும் கற்பிக்கப்பட வேண்டும். பல சுரங்களை ஒருங்கே ஒலிக்கும் மேலை முறையோடு, பண்களும் நாட்டுப்பாடல் மெட்டுகளும் பாடத்தில் இடம்பெற வேண்டும். ஆண்டுதோறும் பெற்றோர் முன்னிலையில் அரங்கேற்றம் நிகழ வேண்டும்.

இதில் தமிழ்த்துறையினராகிய நமக்கும் பங்குண்டு. பேரியாழுக்கு இருபத்தொன்றும் செங்கோட்டியாழுக்கு ஏழும் நரம்புகள் என வகுப்பறையில் எண்ணிக்கை சொல்லி மதிப்பெண் வழங்குவதோடு நம் கடன் முடிவதில்லை. விபுலாநந்த அடிகள் நெடுங்காலம் ஆராய்ந்து 1947-இல் யாழ்நூலை அளித்தார். அந்நூலில் விளக்கப்பட்ட பண்களைக் கிட்டார் மாணவர்க்கு ஏற்ற பாடங்களாக ஆக்கித் தருதல் தமிழாசிரியரும் இசையாசிரியரும் கூடிச் செய்யத்தக்க பணி. கல்வி அறக்கட்டளைகளும் தத்தம் பள்ளிகளில் ஓர் அறையும் ஓர் ஆசிரியரும் பத்துக் கருவிகளும் தந்து இதனைத் தொடங்கி வைக்கலாம்.

யாழ் நம்மிடமிருந்து மறைந்ததற்குக் காரணங்கள் பல கூறப்படும். கற்பிக்கும் மரபு அறுந்தது என்பதே அவற்றுள் தலையாயது எனக் கருதுகின்றோம். பாணர் மரபு நலிந்தபோது அவர் கையிலிருந்த நரம்பும் ஓய்ந்தது. இன்று நம் பிள்ளைகள் தாமே விரும்பி வேறொரு நரம்புக்கருவியைக் கையில் எடுத்துள்ளனர். ஆர்வம் அவர்களுடையது, ஆசிரியரையும் இடத்தையும் அளிப்பது நம் கடன். வெள்ளாற்றங்கரையில் அத்தகையதொரு பள்ளி எழ அரசும் அறநெஞ்சினரும் ஆவன செய்வாராக.