பொதிகை மண்ணின் மரபணுக்கள்: எங்கள் நிலைப்பாடு

தாமிரபரணிப் படுகையின் மண், நீர் நுண்ணுயிரிகளில் புதிய நொதி மரபணுக்களைத் தேடும் ஆய்வை எங்கள் அமைப்பு எதிர்க்கவில்லை. செயற்குழுவில் இதற்கு ஒருமித்த கருத்து இல்லை. பெரும்பான்மை முடிவு இது. சலவைத்தூளில் எண்ணெய்க் கறை போக்கும் லிப்பேஸும் துணியில் கஞ்சி நீக்கும் அமைலேஸும் நுண்ணுயிரிகள் தந்தவைதாம். பெரும்பாலான நுண்ணுயிரிகள் ஆய்வகத்தில் வளர்வதில்லை. எனவே மண்ணிலிருந்தே டிஎன்ஏவைப் பிரித்துத் தேடும் முறையையும் பொதுவாக வரவேற்கிறோம்.

அதற்குப் பின் நடப்பதைத்தான் ஏற்க முடியாது. ஒரு பிடி மண் போதும். மரபணு வரிசை பொதுத் தரவுத்தளத்தில் ஏறிவிட்டால், உலகின் எந்த நிறுவனமும் அதைச் செயற்கையாகத் தயாரித்து, ஈ.கோலை பாக்டீரியாவில் புகுத்தி நொதியைத் தொட்டி தொட்டியாக எடுக்கலாம். தாமிரபரணிப் படுகையின் காரையாறு பக்கம் யாரும் திரும்பி வர வேண்டியதில்லை. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீரூற்றில் 1966இல் எடுத்த பாக்டீரியாவின் நொதிதான் பிசிஆர் சோதனையை எளிதாக்கியது. பிசிஆர் உரிமை 1991இல் 30 கோடி டாலருக்குக் கைமாறியது. பூங்காவுக்கு ஒரு காசு வரவில்லை. அமெரிக்க அரசின் பூங்காவுக்கே இந்தக் கதி என்றால் இந்தப் படுகையின் இஞ்சிக்குழியில் வாழும் காணிப் பழங்குடியினருக்கு என்ன கிடைக்கும்?

கேரளக் காணிகள் அடையாளம் காட்டிய செடியிலிருந்து உருவான ஜீவனி மருந்து விவகாரம் உறுப்பினர்கள் அறிந்ததே. அதன் குறைகள் இருக்கட்டும். உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி கேரளக் காணிகளின் அறக்கட்டளைக்கு என்றாவது எழுதினார்கள். அங்கே செடியை அடையாளம் காட்டிய மனிதர்கள் இருந்தார்கள். பாக்டீரியாவை யாரும் அடையாளம் காட்டவில்லை என்பதற்காக, அது வாழும் காட்டைக் காத்தவர்களுக்குப் பங்கில்லை என்பதா?

2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டம் நுண்ணுயிரிகளையும் உயிரியல் வளம் என்கிறது. அந்த வளத்தின் பயன்பாடு பற்றி முடிவெடுக்குமுன் உள்ளூர் உயிரியல் பன்மை மேலாண்மைக் குழுக்களைக் கலந்தாலோசிக்கச் சொல்கிறது 41ஆவது பிரிவு. 2023 திருத்தமோ சிறைத்தண்டனையை எடுத்துவிட்டு அபராதத்தோடு நின்றுகொண்டது. மரபணுத் தரவுக்கென 2025 பிப்ரவரியில் தொடங்கிய ‘காலி’ (Cali) நிதியமும் நிறுவனங்கள் விரும்பிச் செலுத்துவதுதான். விரும்பினால் போடு என்பது கோயில் உண்டியலுக்குப் பொருந்தும், கடனுக்குப் பொருந்தாது.

ஆகவே, மாதிரி எடுக்குமுன் உள்ளூர்க் குழுவுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மரபணு வரிசையுடன் எடுத்த இடத்தின் பெயரும் பதிவாக வேண்டும். வணிகப் பயன் வந்தால் பங்கு இங்கே திரும்ப வேண்டும். நம் பல்கலைக்கழக மாணவர்களின் ஆய்வு இதனால் இயன்றவரை தாமதமாகக் கூடாது.

உறுப்பினர்கள் தத்தம் ஊராட்சியின் மேலாண்மைக் குழுவில் இதை எழுப்பித் தீர்மானமாகப் பதிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.