அறுந்த நாரும் ஆண்டுக்கணக்கான பொறுமையும்



வேகமாகப் பந்தெறியும் ஒருவரின் கரத்தைக் கவனித்திருக்கிறீர்களா? உடல் முன்னே பாயும், முன்கை பின்தங்கும். அந்தக் கணத்தில் முழங்கையின் உட்புறம் பிளந்துவிடும் அளவுக்கு இழுபடுகிறது. அதைத் தாங்கி நிற்பது, எலும்போடு எலும்பைப் பிணைக்கும் ஒரு சிறு நாரே. ஓய்வின்றி எறிந்தால் அது நைந்து, ஒருநாள் அறுந்துவிடுகிறது. அமெரிக்கப் பேஸ்பால் வீரர்களுக்கும் ஈட்டி எறிபவர்களுக்கும் இத்துன்பம் நேர்வதுண்டு.

1974 ஜூலையில், லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணியின் இடக்கை வீரர் டாமி ஜானுக்கு இது நேர்ந்தது. அப்போது அவருக்கு வயது 31. அக்காலத்தில் நார் அறுந்தால் ஆட்டமும் முடிந்ததென்றே பொருள். டாக்டர் பிராங்க் ஜோப் புதியதொரு வழியைக் கண்டார். செப்டம்பர் 25 அன்று, வலது முன்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து, இடது முழங்கை எலும்புகளில் துளையிட்டுக் கோத்துக் கட்டினார்.

அந்தத் தசைநாணை எடுத்தால் கை முடங்காதா என்று கேட்பீர்கள். முடங்காது. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து, மணிக்கட்டைச் சற்று மடக்கிப் பாருங்கள்; நடுவே கயிறுபோல் எழுவது அதுவே. சிலருக்குப் பிறவியிலேயே அது இருப்பதில்லை.

மீண்டும் ஆடும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுதான் என மருத்துவர் கணித்திருந்தார். நரம்பு பாதிக்கப்பட்டதால் டிசம்பரில் மற்றுமோர் அறுவைச் சிகிச்சையும் தேவைப்பட்டது. 1975 முழுவதும் பயிற்சியிலேயே கழிந்தது. 1976இல் களம் திரும்பிய டாமி ஜான், 1989 வரை, 46 வயதுவரை, ஆடினார். அவருடைய 288 வெற்றிகளில் 164 சிகிச்சைக்குப் பின் பெற்றவை! இன்று அச்சிகிச்சை அவர் பெயராலேயே வழங்குகிறது.

இங்கே ஒன்றைச் சிந்தியுங்கள். கோத்த தசைநாணில் புதிய இரத்தக் குழாய்கள் பரவி, அது மெல்ல மெல்லவே இணைப்பு நாராக மாறுகிறது. ஆகவே ஓராண்டோ அதற்கு மேலோ காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் பட்ட பாடு வீணாகும்.

இச்சிகிச்சை கரத்தை முன்பைவிட வலிமையாக்கும் என நம்பி, நலமாயுள்ள பிள்ளைக்கே அதைச் செய்யலாமா என எண்ணும் பெற்றோரும் அமெரிக்காவில் உண்டு. இது தவறு. சிகிச்சை இழந்ததை மீட்கலாம், இல்லாததைத் தராது. 2014இல் அங்கு வெளியான வழிகாட்டு நெறிகள், 9, 10 வயதுப் பிள்ளை ஓர் ஆட்டநாளில் 75 பந்துகளுக்கு மேல் எறியலாகாது என்கின்றன. ஆண்டில் நான்கு மாதமேனும் எறிவதை நிறுத்தவும் சொல்கின்றன.

பிள்ளையின் திறமை கண்டு மகிழுங்கள். ஆனால் "முழங்கை வலிக்கிறது" என்று அவன் சொல்லும்போது அதைச் சோம்பல் என்று தள்ளிவிடாதீர்கள். அன்று அளிக்கும் ஓய்வு, பின்னாளில் ஓர் அறுவைச் சிகிச்சையைத் தவிர்க்கக்கூடும்.