டபள் கெப்புக்கு எத்தனை இஞ்சி?

என்னிடம் படித்த பிள்ளை ஒருவர் டபள் கெப் வாங்கிவிட்டு, "சேர், பின் சீட்டுக்குப் பின்னால 12 இஞ்சி சப்வூஃபர் ரெண்டு போடவா?" என்று கேட்டார். விஞ்ஞானம் படிப்பித்த பாவம், என்னிடம்தான் வருகிறார்கள்!

அங்கே இடம் எங்கே இருக்கிறது? ஆழம் குறைந்த 10 இஞ்சி ஒன்று, 18 மில்லிமீற்றர் எம்.டி.எஃப் பலகையில் காற்றுப் போகாத மூடிய பெட்டி. தாராளம். துவாரம் வைத்த பெட்டி கூட அதிரும்தான், ஆனால் அதற்குப் பெட்டி பெரிதாக வேண்டும். கடைக்காரர் 'மெக்ஸ் 1200 வொட்' என்பார், ஆர்.எம்.எஸ். எவ்வளவு என்று கேளுங்கள். பெட்டியின் கனவளவை சப்வூஃபரோடு வரும் கடதாசியில் உள்ளபடியே செய்விக்க வேண்டும்.

தாழ்ந்த ஒலி கண்ணாடியை ஏற்றினாலும் நிற்காது, சுவரையும் கடக்கும். போன கிழமை ஒரு கெப் போனபோது எங்கள் வகுப்பு ஜன்னல் அதிர்ந்தது. கணக்குச் செய்துகொண்டிருந்த ஓ.எல். பிள்ளைகள் பேனையை வைத்துவிட்டார்கள். பாடசாலை வாசலில் மட்டுமாவது அந்த பேஸைக் குறைத்துவிட்டுப் போங்க, மகன்.