திரும்பாத பக்கம்

தியானப் பகுதி: யாத்திராகமம் 12:3-10, ஓசியா 7:8



இவ்வருடக் கிறிஸ்மஸ் ஐக்கிய விருந்துக்கு ஆலய வளாகத்திலேயே கரி அடுப்பு மூட்டி, கோழியைக் கம்பியில் கோத்துச் சுழற்றிச் சுட வேண்டுமென்று நம் வாலிபர்கள் விரும்புகிறார்கள். ஷவர்மா, கிரில் என்று பத்திரிகைகளில் வரும் செய்திகளைச் சுட்டிக்காட்டி, மூப்பர்கள் சிலர் தயங்குகிறார்கள். இரு தரப்பாரும் என் எண்ணத்தைக் கேட்டதால், இவ்வாரம் அதையே எழுதுகிறேன்.

மூப்பர்களின் அச்சம் வீணானதல்ல. 2022 மே மாதம் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரிலும், 2023 செப்டம்பரில் நாமக்கல்லிலும் ஷவர்மா உண்டபின் பள்ளிப் பருவப் பெண்பிள்ளைகள் மரித்தார்கள். கபாப்களில் செயற்கை நிறம் சேர்ப்பதைக் கர்நாடக அரசு 2024 ஜூனில் தடைசெய்தது. பச்சை முட்டையில் செய்யும் மயோனைசைத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடைசெய்தது. அத்திப்பள்ளிக்கு அப்பாலும் சூசூவாடிக்கு இப்பாலும் ஆட்சியாளர்கள் இதைக் குறித்துக் கவலைப்பட்டிருக்கிறார்கள்.

ஆயினும் குற்றம் நெருப்பினுடையதன்று. கோழிக்கறியின் உட்பகுதி 74 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை எட்டினால் நோய்க்கிருமிகள் அழிந்துபோகும். வெளித்தோல் பொன்னிறமாயிருந்தும் தொடைமூட்டின் அருகே பச்சையாயிருக்கலாம். கூட்டம் பெருகும்போது வேகாத அடுக்குவரை கத்தி இறங்குகிறது; மீந்த கறி மணிக்கணக்காய் வெதுவெதுப்பில் கிடக்கிறது. ஆகவே தீங்கின் வேர் பெரும்பாலும் அவசரமும் பேராசையுமே.

பஸ்கா ஆட்டைக் குறித்துக் கர்த்தர் கொடுத்த கட்டளையைக் கவனியுங்கள். அது பச்சையாய் இருக்கலாகாது. முழுவதும் நெருப்பில் சுடப்பட வேண்டும். விடியுமட்டும் மீதி வைக்கலாகாது. எகிப்தைவிட்டுத் தீவிரமாய்ப் புறப்பட வேண்டிய இராத்திரியிலும் அரைவேக்காட்டுக்கு அனுமதி இல்லை.

எனக்கு நேர்ந்த ஒன்றை மறைக்காமல் சொல்லுகிறேன். ஓர் இரவு, மருத்துவமனையில் ஒரு விசுவாசிக்காக ஜெபித்துவிட்டு, பாகலூர் சாலையோரக் கடையொன்றில் நின்றேன். இரண்டாம் ஷிப்டு முடிந்து வந்த தொழிலாளர்கள் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். அடுப்பருகே ஒடிசாவிலிருந்து வந்த இளைஞன் ஒருவன் வியர்வை வழிய நின்றான். "சீக்கிரம் கொடு தம்பி" என்றேன். அவன் தொடைப்பகுதியைக் கீறிப் பார்த்து, "உள்ளே வேகல ஐயா, பத்து நிமிசம்" என்றான். இருவர் அவனைத் திட்டிவிட்டுப் போனார்கள். முதலாளியும் அவனை முறைத்தார். நான் திட்டவில்லை, ஆனால் முகம் சுளித்தேன். அந்த ஞாயிறு நான் நீடிய பொறுமையைக் குறித்துப் பிரசங்கித்திருந்தேன்!

வீடு திரும்பும் வழியில் ஓசியாவின் வார்த்தை என்னைக் குத்தியது. எப்பிராயீமைத் திருப்பிப் போடாத அப்பத்துக்குத் தீர்க்கதரிசி ஒப்பிடுகிறார். கல்லில் திருப்பாமல் விட்ட ராகி ரொட்டியை நம் வீட்டுப் பெண்கள் அறிவார்கள்: ஒரு பக்கம் கருகும், மறுபக்கம் மாவாகவே இருக்கும். ஆராதனையில் என் ஒரு பக்கம் நன்றாய் வெந்திருந்தது. எனக்காக நெருப்பில் நிற்பவனை நோக்கிய பக்கமோ பச்சையாகவே இருந்தது.

ஷவர்மா என்னும் பெயர், திருப்புதல் என்று பொருள்படும் துருக்கிச் சொல்லிலிருந்து வந்தது. மனந்திரும்புதலைக் குறிக்க எபிரெய வேதம் வழங்கும் 'ஷூப்' என்ற வினைக்கும் திரும்புதல் என்பதே பொருள். இவ்விரு சொற்களுக்கும் உறவில்லை. ஆனால் கம்பியில் சுழல்வதைப் பார்க்கும்போது எனக்கு இது நினைவுக்கு வருகிறது. ஒரே சுற்றில் எதுவும் வேகாது. மறைந்த பக்கமும் மீண்டும் மீண்டும் நெருப்புக்கு முன் வரவேண்டும். வியாபாரம், சம்பளம், வீட்டில் பேசும் பேச்சு ஆகிய எந்தப் பக்கத்தை நீங்கள் இன்னும் தேவனுக்கு மறைத்துப் பிடித்திருக்கிறீர்கள்?

ஆகையால் என் தீர்மானம் இது: அடுப்பு எரியட்டும். திபேரியா கடற்கரையில் கரிநெருப்பு மூட்டிச் சீஷருக்கு உணவு வைத்திருந்த ஆண்டவர் அதைக் குறைவாக எண்ணமாட்டார். ஆனால் வாலிபரே, வெப்பமானி கொண்டு உள்ளே அளந்து பாருங்கள். பச்சைக்கறி தொட்ட கத்தியும் பலகையும் வெந்ததைத் தொடலாகாது. நிறப்பொடி வேண்டாம். விசுவாசிகளே, பசித்தாலும் காத்திருங்கள். அடுப்பருகே நிற்பவர்களை அவசரப்படுத்தாதிருங்கள்.

மீதியைக் குறித்தும் ஒரு வார்த்தை. வீட்டார் கொஞ்சமாயிருந்தால் அயலானையும் சேர்த்துக்கொள்ளும்படி பஸ்கா கட்டளையே சொல்லுகிறது. நம் ஆலயத்துக்குப் பின்தெருவில், ஓர் அறைக்கு ஆறு பேராய்த் தங்கியிருக்கும் வெளிமாநிலத் தொழிலாளர்களை நாம் இதுவரை ஒரு விருந்துக்கும் அழைத்ததில்லை. இவ்வருடம் அழைப்போம். அவர்கள் உட்காரட்டும், நாம் பரிமாறுவோம். அந்த இளைஞனையும் நான் போய் அழைக்கப்போகிறேன். முதலில் அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

நம்மை முழுவதும் பரிசுத்தமாக்குகிற சமாதானத்தின் தேவன் உங்கள் அனைவரோடும் இருப்பாராக. ஆமென்.