10 யூரோ டிக்கெட் போட்டா வெனிஸ்ல கூட்டம் குறையுமா?

லாங் வீக்கெண்டுக்கு இத்தாலிக்காரங்க வெச்சிருக்கிற பேரு ‘போன்தே’. அப்படின்னா பாலம். வியாழக்கிழமை அரசு விடுமுறை வந்தா, வெள்ளிக்கிழமை ஒரு லீவைப் போட்டு சனி, ஞாயிறோட சேர்த்துடுவாங்க. அந்த நடு லீவுதான் பாலம். 400-க்கும் மேற்பட்ட நிஜப் பாலங்கள் இருக்கிற வெனிஸுக்கு வருஷா வருஷம் தலைவலி கொடுக்கிறது இந்தக் காலண்டர் பாலம்தான்.

ஏப்ரல் 25 இத்தாலியின் விடுதலை நாள். வெனிஸின் காவல் புனிதரான மாற்கு திருநாளும் அன்னைக்குத்தான். அடுத்த ஆறாவது நாள் மே தினம். வசந்த காலம் வேற. மிலான்ல இருந்து காலையில ரயில் ஏறினா மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி வெனிஸ் வந்துடலாம். ஒரு பீட்சா, ரியால்டோ பாலத்துல நாலு போட்டோ, சாயங்காலம் ரிட்டர்ன் ரயில். இப்படி வந்துட்டுப் போறவங்களைக் குறிவெச்சுத்தான் 2024 ஏப்ரல் 25 அன்னைக்கு வெனிஸ் நகராட்சி ஒரு வேலையைத் தொடங்குச்சு. ஊருக்குள்ள வர்றதுக்கே கட்டணம்!

காலை 8.30-ல இருந்து மாலை 4 மணிக்குள்ள பழைய நகரத்துக்குள்ள வர்ற ஒருநாள் பயணிகளுக்கு 5 யூரோ. 2025-ல இருந்து, வர்றதுக்கு நாலு நாள் முன்னாடியே பணம் கட்டலைன்னா 10 யூரோ, நம்ம காசுக்குக் கிட்டத்தட்ட ஆயிரம் ரூபாய். பணம் கட்டினா மொபைலுக்கு க்யூஆர் கோடு வரும். ரயில் நிலைய வாசல்ல நிக்கிற ஊழியர்கள் அதைக் கேட்கலாம். இல்லாம மாட்டினா 50 யூரோவுல இருந்து 300 யூரோ வரைக்கும் அபராதம். 14 வயசுக்குக் கீழே இருக்கிறவங்க, அந்த ஊர்ல வேலை பார்க்கிறவங்க, படிக்கிறவங்க, வெனெட்டோ மாகாணத்துல வசிக்கிறவங்களுக்கெல்லாம் விலக்கு. ராத்திரி தங்குறவங்களும் கட்ட வேண்டாம், ஏன்னா அறை வாடகையோடவே அவங்க சுற்றுலா வரி கட்டிடுறாங்க. ஆனா விலக்கு வேணும்னு இணையதளத்துல பதிவு பண்ணி அதுக்கும் ஒரு கோடு வாங்கி வெச்சுக்கணும். நம்ம ஊர் யூரோப் பேக்கேஜ்கள்ல வெனிஸ் பெரும்பாலும் அரை நாள் ஐட்டம்தான்கிறதால, இந்தக் கணக்கு நமக்கும் தேவை.

சரி, கூட்டம் குறைஞ்சுதா?

2024-ல 29 நாள் வசூலிச்சாங்க. ஏறக்குறைய 4,85,000 பேர் கட்டினாங்க, 24 லட்சம் யூரோ வந்துச்சு. 2025-ல நாட்களை 54 ஆக்கினாங்க. ஏறக்குறைய 7,20,000 பேர், 54 லட்சம் யூரோ. சராசரி போட்டுப் பார்த்தா முதல் வருஷம் ஒரு நாளைக்குப் பணம் கட்டினவங்க 16,700 பேர், ரெண்டாவது வருஷம் 13,300 பேர். ‘பாருங்க, குறைஞ்சிடுச்சு’னு நகராட்சி சொல்லிக்கலாம். ஆனா முதல் வருஷப் பட்டியல்ல பெரும்பாலும் நெரிசலான வாரயிறுதிகள்தான் இருந்துச்சு. ரெண்டாவது வருஷம் வெள்ளிக்கிழமைகளையும் சேர்த்தாங்க. கூட்டம் கம்மியான நாட்களைச் சேர்த்தா சராசரி தானா இறங்கும். இது கணக்கு, சாதனை இல்லை.

அதைவிடப் பெரிய விஷயம், இந்தத் திட்டத்துல உச்சவரம்பே கிடையாது. ஒரு நாளைக்கு இத்தனை பேருதான்னு யாரும் கதவை மூடறதில்லை. ஒரு லட்சம் பேர் பணம் கட்டினாலும் ஒரு லட்சம் பேரும் உள்ளே போகலாம். வெனிஸ் வரைக்கும் விமானம் ஏறி வந்தவர் 10 யூரோவுக்காகத் திரும்பிப் போவாரா? கிராண்ட் கால்வாய்ல ஓடுற ‘வாப்பரெத்தோ’ படகுக்கு டூரிஸ்ட் டிக்கெட்டே 9.50 யூரோ. கொண்டோலாவுல அரை மணி நேரம் சுத்த 90 யூரோ. இந்த விலைப் பட்டியல்ல நுழைவுக் கட்டணம் ஒரு சில்லறை.

ஓட்டையும் இருக்கு. கடலுக்கு இந்தப் பக்கம், நிலப்பகுதியில இருக்கிற மெஸ்த்ரேவும் வெனிஸ் நகராட்சிக்குள்ளதான் வருது. அங்கே மலிவான ஹோட்டல்ல ரூம் போட்டுட்டு, பத்து நிமிஷ ரயில்ல தீவுக்கு வந்து நாள் முழுக்கச் சுத்தறவருக்குக் கட்டணம் இல்லை. இன்னும் கொஞ்சம் தள்ளி பாதுவாவுல ரூம் போட்டவர் அதே தெருக்கள்லதான் நடப்பார், ஆனா அவர் கட்டணும். காலண்டரும் இப்படித்தான். 2026-க்கு ஏப்ரல் 3-ல இருந்து ஜூலை 26-க்குள்ள 60 நாள் குறிச்சிருக்காங்க. பிப்ரவரி கார்னிவலுக்கு நகரமே பிதுங்கும், அது பட்டியல்ல இல்லை. ஆகஸ்ட்டும் இல்லை.

2025 ஜூன் கடைசியில ஜெஃப் பெசோஸ் கல்யாணம் வெனிஸ்ல நடந்தது ஞாபகம் இருக்கும். காத்து ஊதின முதலை பொம்மைகளைக் கால்வாய்ல இறக்கி வழியை மறிப்போம்னு போராட்டக்காரங்க சொன்னதும், ஒரு விருந்து நடக்கவேண்டிய இடத்தையே மாத்தினாங்க. அது நடந்த வெள்ளியும் சனியும் கட்டண நாட்கள். விதிப்படி, ஹோட்டல்ல தங்கின பெசோஸ் விருந்தினர்களுக்கு 10 யூரோ கிடையாது. காலை ரயில்ல வந்து இறங்கின காலேஜ் பசங்களுக்கு உண்டு!

யாருக்காக இந்த ஊர்?

ரியால்டோ பாலத்துக்குப் பக்கத்துல ஒரு மருந்துக்கடை ஜன்னல்ல 2008-ல இருந்து ஒரு டிஜிட்டல் போர்டு ஓடுது. பழைய நகரத்துல இன்னும் எத்தனை பேர் குடியிருக்காங்கன்ற எண்ணிக்கை அது. வெச்சப்போ 60,000. 2022 ஆகஸ்ட்ல 50,000-க்குக் கீழே இறங்குச்சு. 1951-ல இதே தீவுல 1,75,000 பேர் இருந்தாங்க. அடுத்த வருஷமே இன்னொரு கோட்டையும் தாண்டிட்டாங்க. டூரிஸ்ட்டுகள் தூங்குற படுக்கைகளோட எண்ணிக்கை, குடியிருக்கிற மனுஷங்க எண்ணிக்கையை மிஞ்சிடுச்சுன்னு 2023-ல உள்ளூர் ஆர்வலர்கள் கணக்கெடுத்துச் சொன்னாங்க.

என் பார்வையில பிரச்னையின் வேர் இங்கேதான் இருக்கு. வீட்டை மாச வாடகைக்கு விட்டா ஒரு தொகை. அதே வீட்டை ஆப்ல போட்டு ராத்திரிக் கணக்குல விட்டா பல மடங்கு. வீட்டுக்காரர் எதைப் பண்ணுவார்? வாடகைக்கு இருந்தவங்க மெஸ்த்ரேவுக்குப் போயிடுறாங்க. அவங்க போனதும் கீழே இருந்த மளிகைக்கடை மூடி, முகமூடி பொம்மை விக்கிற கடை வருது. நாலு வருஷத்துல பக்கத்துப் பள்ளியில பிள்ளைங்க குறைஞ்சு போகுது. ஒருநாள் பயணி நெரிசலைக் கொடுக்கிறார், உண்மைதான். ஆனா வீட்டைக் காலி பண்ண வைக்கிறது அவர் இல்லை, ராத்திரி தங்குறவருக்கான சந்தை. கட்டணம் பிடிக்கிறது முதல் ஆளை மட்டும்தான்.

இதுல கைவைக்க அதிகாரம் இல்லைன்னும் சொல்ல முடியாது. குறுகிய கால வாடகையைக் கட்டுப்படுத்த வெனிஸுக்குன்னு 2022-ல இத்தாலி நாடாளுமன்றமே தனிச் சட்டப் பிரிவு கொண்டு வந்துச்சு. க்யூஆர் கோடு கவுன்ட்டர் போடுறதுல காட்டின வேகம் இதுல தெரியலை. ஃப்ளோரன்ஸ் 2023-லயே பழைய நகரத்துக்குள்ள புதுசா எந்த வீட்டையும் இப்படி வாடகைக்கு விடக்கூடாதுன்னு சொல்லிடுச்சு.

இன்னொரு கால்வாய் நகரமான ஆம்ஸ்டர்டாம் வேற வழியில போனது. சொந்த வீட்டை டூரிஸ்ட்டுக்கு வருஷத்துக்கு 30 ராத்திரிக்கு மேல விடக்கூடாதுன்னு 2019-லயே வரம்பு வெச்சாங்க. 2024-ல சுற்றுலா வரியை ரூம் விலையில 12.5 சதவிகிதம் ஆக்கினாங்க. ஒரு ஹோட்டல் மூடினாத்தான் இன்னொண்ணுக்கு அனுமதின்னும் அறிவிச்சாங்க. அப்படியும் வருஷத்துக்கு 2 கோடி இரவுத் தங்கல்னு அவங்களே போட்ட வரம்பைத் தாண்டிட்டுத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு, அவங்க கைவெச்சது வீட்டு மேலயும் ஹோட்டல் மேலயும்.

வெனிஸ் போற பிளான் இருந்தா, ஒரு ராத்திரியாவது அங்கே தங்கறதுதான் ஊருக்கும் உங்களுக்கும் நல்லது. சாயங்காலம் ரயில் கூட்டம் கிளம்பின பிறகு தெருக்கள் காலியாயிடும், கால்வாய்த் தண்ணி படியில மோதற சத்தம் கேட்கும். ஆனா ரூம் போடும்போது அது ஹோட்டலா, யாரோ குடியிருந்த வீடான்னு பாருங்க. 2025-ல இருந்து இத்தாலியில வாடகைக்கு விடற ஒவ்வொரு இடமும் விளம்பரத்துல தேசிய அடையாள எண்ணைப் போட்டாகணும். ‘சிஐஎன்’னு இருக்கும். அது இல்லாத லிஸ்ட்டிங்கை ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிடுங்க. கொண்டோலா ஆசைக்கு 90 யூரோ அதிகம்னு தோணினா, கிராண்ட் கால்வாயைக் குறுக்கே கடக்க உள்ளூர்க்காரங்க ஏறுற ‘த்ரகெத்தோ’ படகு இருக்கு. அதுவும் கொண்டோலாதான், கொஞ்சம் பெருசு. டூரிஸ்ட்டுக்கு 2 யூரோ. ரெண்டு மூணு நிமிஷத்துல அக்கரை வந்துடும், அதனால போனை முன்னாடியே கையில எடுத்து வெச்சுக்குங்க.