கையில் மண் படட்டும்!

“சிந்து சமவெளி நாகரிகத்தின் சிறப்புகள் யாவை?” என்ற வினாவுக்குப் பள்ளியில் முழு மதிப்பெண் பெற்றவன் நான். சுட்ட செங்கல் வீடுகள், மூடிய சாக்கடைகள், மொகஞ்சதாரோவின் பெருங்குளம் என்று வரிசையாக எழுதினேன். ஆனால், சூளையில் செங்கல் அறுத்துவிட்டு மண் படிந்த கைகளுடன் வீடு திரும்பும் என் தந்தையாருக்கும் அந்தப் பாடத்துக்கும் தொடர்பு உண்டென்று எனக்குத் தோன்றவே இல்லை. உண்மையைச் சொன்னால், நண்பர்கள் எதிரில் அந்தக் கைகளைக் கண்டு வெட்கப்பட்டிருக்கிறேன்.

இதில் என் குறை பாதி. நாம் வரலாறு கற்பிக்கும் முறையின் குறை மீதி.

1924ஆம் ஆண்டு சர் ஜான் மார்ஷல் உலகுக்கு அறிவித்த அந்த நாகரிகத்தின் செங்கற்களில் கனம், அகலம், நீளம் ஆகியவை பெரும்பாலும் 1:2:4 என்ற விகிதத்தில் அமைந்துள்ளன. வீட்டுச் செங்கல் ஏறத்தாழ 7, 14, 28 செ.மீ. இருக்கும். இதை மனப்பாடம் செய்தால் தேர்வு முடிந்ததும் மறந்துவிடும்.

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் தெருப் பிள்ளைகளைக் கூட்டி, 2, 4, 8 செ.மீ. அளவில் ஓர் அச்சுச் செய்து கல் அறுக்கச் சொன்னேன். தந்தையார் மண் மிதித்துக் கொடுத்தார். நிழலில் உலர்ந்த கற்களைப் பிள்ளைகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். தொட்டதும் சுவர் சரிந்தது. பிறகு ஒரு சிறுமி கற்களை மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, “அண்ணே, குறுக்கே ரெண்டு வச்சா நெடுக்க ஒண்ணு சரியா வருது!” என்று கூவினாள். கல்லோடு கல் பிணைந்து சுவர் நின்றது. விகிதத்தின் காரணத்தை அவளே கண்டுவிட்டாள், இனி மறப்பாளா?

முத்திரையும் அப்படித்தான். சோப்புக் கட்டியில் ‘க’ என்று செதுக்கி மையில் ஒற்றினால் எழுத்துத் திரும்பி விழும். மாக்கல்லில் முத்திரை வெட்டிய கலைஞன் எழுத்தை இடவலம் மாற்றிச் சிந்தித்திருக்க வேண்டும் என்பது குழந்தைக்கு அப்போது விளங்கும்.

“பாடத்தை முடிக்கவே நேரமில்லையே” என்பார்கள். ஓராண்டில் இரண்டு பிற்பகல் போதும். செலவும் இல்லை. இன்று ‘செயல்திட்டம்’ என்ற பெயரில் தெர்மாகோல் வாங்கிப் பெற்றோர் செய்து தரும் மாதிரிகளில் பிள்ளை கற்பது ஒன்றுமில்லை. காசில்லாத வீட்டுப் பிள்ளையோ கூனிக் குறுகி நிற்கிறது. களிமண்ணுக்கு ஏழை, பணக்காரன் என்ற பேதம் தெரியாது.

அன்று மாலை தந்தையார் கேட்டார்: “4,500 வருசத்துக்கு முந்தியே கல் அறுத்தாங்களா? அச்சு வச்சா?” ஆம் என்றேன். அவர் தம் கைகளைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நண்பர்களே, நம்மில் பலர் நாளை ஆசிரியராவோம். நம் வகுப்பில் குழந்தைகளின் கையில் கொஞ்சம் மண் படட்டும். உழைக்கும் பெற்றோரை எண்ணி எந்தப் பிள்ளையும் வெட்கப்படாதிருக்க அது உதவும்.

— இரண்டாம் ஆண்டு பி.எஸ்.ஸி. (இயற்பியல்) மாணவர்