மூவர் கூடி எறியும் குண்டு

பிரான்சு தேசத்தின் தென்பகுதியில், மத்தியதரைக் கடலை அடுத்த ஊர்களிலே, மாலை வேளைகளில் மரநிழலிற் கூடி உருக்குக் குண்டுகளை எறிந்து விளையாடுவது நெடுநாளைய வழக்கம். பெத்தாங்க் என்பது அவ்விளையாட்டின் பெயர். பிரெஞ்சு ஆட்சி நிலவிய புதுச்சேரியிலும் இதனை ஆடுவோர் இன்றும் உளர். பார்ப்பவர்க்கு இது வயோதிபரின் பொழுதுபோக்கெனத் தோன்றும். ஓட்டமும் இல்லை, பாய்ச்சலும் இல்லை. ஆயினும், மனம் ஒன்றாத மூவரை இத்துணை விரைவிற் காட்டிக்கொடுக்கும் விளையாட்டு வேறொன்று உண்டென நாம் கருதவில்லை.

இது பிறந்த வரலாறே தோழமையின் வரலாறாகும். முன்னர் அப்பகுதியில் ஆடப்பட்ட ஆட்டத்தில் இலக்கு 15 முதல் 21 மீற்றர் வரை தொலைவிற் கிடக்கும். குண்டை அடிப்பவர் மூன்று அடி ஓடி எறிதல் வேண்டும். லா சியோத்தா என்னும் துறைமுகப் பட்டினத்திலே யூல் ஹியூக் என்பார் இதில் வல்லவராயிருந்து, வாதநோயினால் ஓட இயலாதவரானார். அவருக்காக அவர் நண்பர் எர்னெஸ்த் பித்தியோ தொலைவைக் குறைத்து, வட்டத்தினுள் இரு பாதங்களையும் ஊன்றி நின்றே எறியும் முறையை வகுத்தார். இது 1907 ஆம் ஆண்டளவில் என்பர். 1910 என்பாரும் உளர். பாதம் ஊன்றி நிற்றல் எனப் பொருள்படும் அந்நாட்டுச் சொற்களே பெத்தாங்க் என்றாயின. சர்வதேச சம்மேளனம் 1958 இல் மார்சேய் நகரில் அமைந்தது.

ஆட்டவிதிகள் சிலவே. 30 மில்லிமீற்றர் குறுக்களவுள்ள சிறு மரவுருண்டையே இலக்கு. பன்றிக்குட்டி என்று அதற்குச் செல்லப்பெயர். அதனை 6 முதல் 10 மீற்றர் தொலைவில் எறிவர். 650 முதல் 800 கிராம் வரை நிறையுள்ள குண்டுகளை அதனருகே சேர்த்தல் வேண்டும். மூவர் அணியில் ஆளுக்கு இரண்டு குண்டுகள். எதிரணியின் அண்மைக் குண்டைவிட இலக்கை நெருங்கிய ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு புள்ளி. 13 புள்ளி முதலிற் பெற்றவர் வென்றவர். இலக்கின் அருகே குண்டில்லாத அணி, அவ்விடத்தைப் பெறும்வரை அல்லது தன் குண்டுகள் தீரும்வரை எறிந்துகொண்டே இருத்தல் வேண்டும். தோழர் தம்முள் பிணங்குவதற்கு இவ்விதியே பெரும்பாலும் காரணமாகும்.

மூவருள் ஒருவர் குண்டை அணைப்பவர். மற்றொருவர் எதிரியின் குண்டை அடித்து அகற்றுபவர். இடையில் நிற்பவர் இரண்டும் செய்வார். அடிப்பவருக்குக் கைதட்டல் கிடைக்கும். எறிந்த குண்டு எதிரியின் குண்டைப் பெயர்த்துத் தானே அவ்விடத்தில் நின்றுவிடின் சுற்றி நிற்போர் ஆரவாரிப்பர். அணைப்பவரையோ எவரும் நோக்குவதில்லை. எனினும் அவர் முதற்குண்டைச் சரியாக வைத்துவிட்டால் எதிரணி இரண்டு மூன்று குண்டுகளை அதற்கே செலவிட நேரும். இலக்குக்கு முன்னே கிடக்கும் குண்டு வெள்ளிப்பணம் என்று பிரெஞ்சுக்காரர் கூறுவது இதனாலேயே. இலக்கைத் தாண்டி ஓடிய குண்டு எவருக்கும் தடையாவதில்லை. புதியவர் பலர் குண்டை இலக்கை நோக்கியே எறிந்துவிட்டு, அது விழப்போகும் தரையை ஒருமுறையேனும் பார்ப்பதில்லை. கல்லும் பள்ளமும் சரிவும் குண்டைத் திருப்புமாதலால், முதலிற் பார்க்கவேண்டியது இலக்கையன்று, தரையையே.

மிகப்பெரும் பிழை, கணக்கை மறந்து அடித்தல். எதிரியின் குண்டு இலக்கிலிருந்து 60 சென்ரிமீற்றர் தொலைவிற் கிடக்கின்றது. அவர்களிடம் இன்னும் நான்கு குண்டுகள், நம்மிடம் மூன்று என வைத்துக்கொள்வோம். அணைத்தே வெல்லக்கூடிய இடம் அது. நமது அடிப்பவரோ ஆவல் மேலிட்டு இரண்டையும் எறிந்து இரண்டும் தவறின. எஞ்சிய ஒன்றும் பயன்படாதாயின், கிடந்த ஒன்றோடு நான்கும் சேர்ந்து எதிரணி ஐந்து புள்ளி வரை பெறலாம். ஒரு சுற்றிலேயே ஆட்டம் கைநழுவிவிடும்.

இதற்கு மாறாக, எதிரணியின் குண்டு இலக்கோடு ஒட்டிக் கிடக்கின்றது. அவர்கள் கையில் ஒன்றும் மிச்சமில்லை. அதற்கடுத்து நம் குண்டுகள் இரண்டு. நம் கையில் இன்னும் இரண்டு. இங்கே அணைக்க முயல்வதுதான் கோழைத்தனம். அடி வாய்த்தால் அக்கணமே இரண்டு புள்ளி; கடைசிக் குண்டால் மூன்றாவதும் கிட்டும். தவறினும் அணைத்துப் பார்க்க ஒரு குண்டு எஞ்சும். ஆனால் அடி வாய்த்த மகிழ்ச்சியிலே கடைசிக் குண்டை வேகமாக எறிந்து, இலக்கையே எதிரியின் குண்டொன்றின் பக்கம் தள்ளிவிடுவாரும் உண்டு. ஐயமிருப்பின் அக்குண்டை ஒருபுறமாக உருட்டிவிடுதலே அறிவு.

இலக்கு அடிபட்டு எல்லையைக் கடந்தால் விளைவது விந்தையானது. இரு அணியினரிடமும் குண்டு எஞ்சியிருப்பின் அச்சுற்று வெறுமையாகும். ஓர் அணியிடம் மட்டும் எஞ்சியிருப்பின் எஞ்சிய குண்டுகள் எத்தனையோ அத்தனை புள்ளி அவ்வணிக்கு. ஆகவே குண்டுகளை எண்ணிக்கொண்டிருக்கும் அணிக்கு, தோற்கும் சுற்றிலும் தப்ப ஒரு வழி உண்டு.

இவ்வளவையும் முடிவுசெய்யக் கிடைப்பது ஒரு நிமிடமே. அதற்குள் மூவரும் மூன்று யோசனை கூறினால் எறிபவரின் கை தளர்ந்துவிடும். பேசவேண்டியதை வட்டத்துக்கு வெளியே பேசி முடித்து, ஒருவர் சொல்லைக் கேட்டு, அவர் வட்டத்துள் நின்றபின் மற்றையோர் வாய்மூடி இருத்தல் நன்று. தவறிய தோழரை முகஞ்சுளித்துப் பார்ப்பது இன்னும் தீது. அவர் அடுத்த குண்டை இலக்குக்காக எறியமாட்டார், அம்முகத்துக்காகவே எறிவார்.

குண்டு தரையைத் தொடுமுன் பாதம் வட்டத்தை விட்டு நீங்குதல் அடிக்கடி காணும் குற்றம். சுற்று முடிந்ததும் புள்ளி இன்னதென இரு சாராரும் உடன்படுமுன், தம் குண்டென்று எவரேனும் குனிந்து எடுத்துவிட்டால் அது கணக்கிற் சேராது, முறையிடவும் இடமில்லை. வென்ற புள்ளியை ஒருவரின் அவசரத்தால் மூவரும் இழப்பது பெரும்பாலும் இவ்வாறே.